சத்தமில்லாமல் பார்த்த டோன்டோ

போன வருடம் மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மகனை லாக்ரோஸ் ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு, ஆறு பூர்வகுடி இனத்தவர் சேர்ந்து வாழும் சிக்ஸ் நேஷன்ஸ் போயிருந்தேன். நாங்கள் இருக்கும், கனடாவின் மிஸ்ஸிசாகா நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஹேகர்ஸ்வில் ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே அந்த உள்ளரங்கம் இருக்கிறது. 10, 11 வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம்தான். ஆனால் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. மடியில் கம்பளியை விரித்துக்கொண்டு பாட்டிமார்கள் ஒவ்வொரு பாஸுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். எண்பதைத் தொட்டிருப்பார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார், சொன்னேன். அதற்கு முன்னால் எங்கே என்றார், மதுரை என்றேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி, சின்ன வயதில் கௌபாய் காமிக்ஸ் படித்தே வளர்ந்தவன் நான் என்று சொன்னபோது அவர் முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"டோன்டோ தெரியுமா?"

தெரியும் என்றேன். லோன் ரேஞ்சர் கதை. முகமூடி போட்ட கதாநாயகன், வெள்ளைக் குதிரை, கூடவே வரும் பூர்வகுடித் தோழன்.

"இந்த ஊர்க்காரர்தான். ஆனால் எங்களுக்கு அவர் டோன்டோ இல்லை, ஹாரி ஸ்மித். எங்கள் அப்பா அவர் ஆடிப் பார்த்திருக்கிறார். அப்படி ஓடின ஆள் அப்புறம் வரவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

அன்று இரவு ஆரம்பித்தது. அதற்கப்புறம் பல மாதங்கள், கிடைத்ததையெல்லாம் படித்தேன், அந்தத் தொலைக்காட்சித் தொடரில் கிடைத்த பகுதிகளையெல்லாம் பார்த்தேன். ஜே சில்வர்ஹீல்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்த அந்த மனிதரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஹாரல்ட் ஜே ஸ்மித் 1912 மே 26 அன்று ஒன்டாரியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதியில் பிறந்தார். அந்த ஆறில் ஒன்றான மோஹாக் இனம். அப்பா ராணுவத்தில் கேப்டன். முதல் உலகப் போரில் சோம், ஈப்ர் போர்க்களங்களில் காயம்பட்டு விருது வாங்கியவர். வீடு நிறையப் பிள்ளைகள்.

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரில் தன் பக்கம் நின்றதற்காக, 1784-ல் பிரிட்டிஷ் அரசு கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலத்தை இந்த மக்களுக்கு எழுதிக்கொடுத்தது. சுமார் 9,50,000 ஏக்கர். இன்று மிச்சம் இருப்பது சுமார் 46,000 ஏக்கர். ஸ்மித்துக்கு 12 வயதாக இருந்த 1924-ல், கனடா அரசு அவர்களுடைய பரம்பரைத் தலைவர்களின் சபையைக் கலைத்துத் தன் சட்டப்படியான தேர்தல் சபையை வைத்தது. அதற்கு முந்தைய வருடம்தான் டெஸ்காஹே என்ற, அந்த ஆறில் இன்னொன்றான கயூகா இனத்தின் தலைவர், எங்களுக்கு நீதி வேண்டும் என்று, ஐ.நா.வுக்கு முன்னோடியாக ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கத்தின் கதவைப் போய்த் தட்டியிருந்தார். கதவு திறக்கவில்லை. ஸ்மித் வளர்ந்த வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இதுவாகத்தான் இருந்திருக்கும்.

நான் குடியிருக்கும் நகரத்தின் பெயரும் ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர்தான். அந்த மிஸ்ஸிசாகா மக்கள் 1847-ல் கிரெடிட் ஆற்றங்கரையை விட்டு இடம்பெயர்ந்து, இதே ஹேகர்ஸ்வில் பக்கம், சிக்ஸ் நேஷன்ஸை ஒட்டியே குடியேறினார்கள். முகவரியில் தினமும் எழுதும் பெயரின் சொந்தக்காரர்கள் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி லாக்ரோஸ். நுனியில் வலை கட்டிய நீண்ட மட்டையால் பந்தைப் பிடித்து, ஓடிக்கொண்டே எறிந்து ஆடுவது. நமக்குப் புதிது. அவர்களுக்கு அது விளையாட்டு மட்டும் இல்லை, படைத்தவன் கொடுத்தது, நோய் தீர்க்க ஆடுவது. ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் சின்ன மட்டை ஒன்றை வைப்பார்கள். இறந்தவரோடு மட்டையையும் சேர்த்துப் புதைக்கும் வழக்கமும் உண்டு. ஹிக்கரி மரத்தை ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு மட்டை செய்யும் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

1931-ல் இந்த ஆட்டத்துக்கு ஒரு திருப்பம் வந்தது. மான்ட்ரியல், டொராண்டோ ஹாக்கி அரங்க முதலாளிகளுக்குக் கோடையில் அரங்கம் சும்மா கிடந்தது. பனி இல்லாத அந்தத் தரையில், நான்கு பக்கமும் மரப்பலகைச் சுவருக்குள் லாக்ரோஸ் ஆடவிட்டால் டிக்கெட் விற்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் பாக்ஸ் லாக்ரோஸ், என் மகன் ஆடுவது. அந்த முதல் வருடமே டொராண்டோ டெக்கம்சேஸ் அணிக்கு ஸ்மித்தை எடுத்தார்கள். வயது 19. பொருளாதார வீழ்ச்சியில் அந்தத் தொழில்முறைப் போட்டிகள் சீக்கிரமே நின்றுபோயின. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ராச்செஸ்டர், பஃபலோ என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். சில்வர்ஹீல்ஸ், வெள்ளிக் குதிகால் என்பது அந்த நாட்களில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். பாதம் தரையில் படுவது தெரியாத ஓட்டத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? குத்துச்சண்டையும் பழகினார். 1938-ல் கோல்டன் க்ளவ்ஸ் போட்டியில் நடுத்தர எடைப் பிரிவில் இரண்டாம் இடம்.

லாக்ரோஸ் அணியோடு லாஸ் ஏஞ்சலஸ் போனபோது ஜோ இ. பிரவுன் என்ற நகைச்சுவை நடிகர் அவர் ஆடுவதைப் பார்த்தார். சினிமாவுக்கு வா என்றார். ஸ்மித் போனார். 1937-லிருந்து, கூட்டத்தில் ஒருவர், குதிரையிலிருந்து விழுபவர், அம்பு எய்பவர். பெயர்ப்பட்டியலில் இடம் இல்லாத வேலைகள். பத்து வருடம் இப்படி. 1948-ல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த ஒரு படத்தில் செமினோல் என்ற பூர்வகுடி இனத்துச் சகோதரர்களில் ஒருவராக வந்தார். 1950-ல் ஜெரோனிமோ வேடம். அதே அப்பாச்சி வீரனாக அப்புறமும் இரண்டு படங்களில் நடித்தார்.

அந்த 1950 படத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. பூர்வகுடிகளை மரியாதையோடு காட்டிய படம் என்று அன்று பாராட்டப்பட்டது அது. அதில் அப்பாச்சித் தலைவர் கொச்சீஸாக, படத்தின் நெஞ்சாக வருபவர் ஜெஃப் சாண்ட்லர். புரூக்ளினில் பிறந்த யூதர். நல்ல நடிகர், துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது. சமாதானம் பேசும் பெருந்தன்மையான தலைவர் வேடத்துக்கு முகத்தில் சாயம் பூசிய ஒருவர். சமாதானத்தை ஏற்காமல் கோபித்துக்கொண்டு வெளியேறும் ஜெரோனிமோவுக்குத்தான் உண்மையான மோஹாக் நடிகர். பெரிய வேடத்தை நம்பி அவர்களிடம் கொடுக்க அன்று யாருக்கும் மனம் வரவில்லை.

டோன்டோ பிறந்த கதை சில்வர்ஹீல்ஸுக்கு ரொம்ப முந்தியது. 1933-ல் டெட்ராய்ட்டின் டபிள்யூஎக்ஸ்ஒய்இஸட் வானொலி நிலையத்தில் லோன் ரேஞ்சர் நாடகம் தொடங்கியது. நிலைய முதலாளி ஜார்ஜ் டிரெண்டில், எழுத்தாளர் ஃபிரான் ஸ்ட்ரைக்கர். சில வாரங்களிலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. கதாநாயகன் தனி ஆள். வானொலியில் தனி ஆள் யாரோடு பேசுவான், என்ன நினைக்கிறான் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்காக உண்டாக்கப்பட்டவர்தான் டோன்டோ. அவருக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார நாடக நடிகர். வானொலியில் 1954 வரை அவர்தான் டோன்டோ. உலகம் முழுக்கப் பிரபலமான 'கீமோசாபி' என்ற விளிச்சொல்கூட, நாடக இயக்குநரின் மாமனார் மிச்சிகனில் நடத்திய சிறுவர் முகாம் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. ஸ்பானிய மொழியில் 'டோன்டோ' என்றால் முட்டாள். அதனால் ஸ்பானிய மொழிமாற்றத்தில் பெயரை 'டோரோ' என்று மாற்றினார்கள்.

பேச்சுத் துணைக்கென்றே உண்டாக்கியவருக்குக் கொடுத்த பேச்சு எது தெரியுமா? வினைமுற்று உதிர்ந்து, 'நான்' என்று வர வேண்டிய இடத்தில் 'என்னை' என்று வரும் உடைந்த ஆங்கிலம். பழைய தமிழ்ப் படங்களில் வட்டிக்கடைச் சேட்டு 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசுவாரே, அதற்குச் சமம். சௌகார்பேட்டையில் மூன்று தலைமுறையாக நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. திரை அவர்களை அப்படிப் பேசவிடவில்லை. நான் காமிக்ஸில் படித்தது நேர்மாறாக இருந்தது. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் நவஹோ தோழன் டைகர் ஜாக், என் நினைவில், எல்லோரையும் போல நேரான தமிழ்தான் பேசினான். 'இரவுக் கழுகார்' என்று டெக்ஸை நவஹோ மக்கள் அழைக்கும்போது அந்தச் சொல்லில் ஒரு கம்பீரம் இருந்தது. அந்தக் காமிக்ஸ் கொடுத்த 'செவ்விந்தியர்' என்ற சொல்லை மட்டும் இப்போது கீழே வைத்துவிட்டேன். அந்த அரங்கத்தில் உட்கார்ந்து அந்த மக்களோடு பேசிய பிறகு அது நாக்கில் வருவதில்லை.

1949 செப்டம்பர் 15 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் லோன் ரேஞ்சர் தொடங்கியது. கதாநாயகன் கிளேட்டன் மூர், முன்பு சர்க்கஸில் பார் விளையாடியவர். டோன்டோ, ஜே சில்வர்ஹீல்ஸ். 1957 வரை 221 பகுதிகள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் முக்கிய வேடத்தில் வாரா வாரம் வந்த முதல் பூர்வகுடி நடிகர் அவர்தான். வானொலியில் பதினாறு வருடம் வேறொருவர் பேசிப் பழக்கிய அதே உடைந்த பேச்சைத்தான் இவரும் பேச வேண்டியிருந்தது. இன்னொரு உண்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் மக்கள் தங்கள் பூர்வகுடிச் சட்டநிலையை விட்டுக்கொடுக்காமல் கனடாவின் பொதுத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை முடியாது. வட அமெரிக்காவின் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த முகம், சொந்த நாட்டில் ஓட்டு இல்லாத இனத்தின் முகம்.

முதல் சில பகுதிகளை நான் ஒலியோடுதான் பார்த்தேன். மனம் சங்கடப்பட்டது. ஒவ்வொரு வரியும் உறுத்தியது. மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் ராத்திரி மகன் பக்கத்து அறையில் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தான். சத்தம் வேண்டாம் என்று ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

அன்றுதான் சில்வர்ஹீல்ஸை முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

குதிரை முழுசாக நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுகிறார். இறங்கிய கால் அடுத்த அடிக்குத் தயாராக இருக்கிறது. நாம் பேருந்தில் இறங்கினால் இரண்டு தப்படி தடுமாறுவோம், அவரிடம் அது இல்லை. சண்டைக் காட்சிகளில் மற்றவர்கள் கையை அகலமாக வீசுகிறார்கள், கேமராவுக்காக. இவர் இடது காலை முன்னே வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, குத்தைக் குறுக்கி விடுகிறார். கோல்டன் க்ளவ்ஸ் மேடையில் நின்ற உடம்பு எழுத்தாளர் சொன்னபடி மாறவில்லை.

அதைவிட என்னைப் பிடித்து உட்காரவைத்தது அவர் கேட்கும் விதம். மூர் நீளமாகத் திட்டம் சொல்கிறார். கதையில் டோன்டோவின் வேலை தலையாட்டுவது. சில்வர்ஹீல்ஸ் தலையாட்டுவதில்லை. அரை அடி தள்ளி நிற்கிறார். கண் மூரின் மேல் கொஞ்ச நேரம், அப்புறம் படச்சட்டத்துக்கு வெளியே, பாறைகளின் பக்கம், வழியின் பக்கம். காவல் காக்கிறவனின் பார்வை. சொல்கிறவரைவிட இடத்தை நன்றாக அறிந்தவன் இவன் என்று அந்தப் பார்வை காட்டிக்கொடுக்கிறது. படப்பிடிப்பு நடந்த ஐவர்சன் பண்ணையின் அந்தப் பாறைகள் உண்மையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஓரம்தான், சாட்ஸ்வொர்த்தில். ஆனால் அவர் பார்க்கும்போது அவற்றுக்குப் பின்னால் யாரோ இருப்பதாக நம்பிவிடுகிறோம். அசையாமல் நிற்பது பெரிய நடிப்பு. நாமும் சிவாஜியைக் கொண்டாடுகிற அளவுக்கு, பேசாமல் நின்றே காட்சியைத் தாங்கிய துணை நடிகர்களைக் கொண்டாடியதில்லை.

வசனம் அவருடையது இல்லை. உடம்பு அவருடையது. எட்டு வருடம் அந்த உடம்பை வைத்து அந்த வசனத்துக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதுதான், அத்தனை பகுதிகளைப் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

கதையையும் கவனியுங்கள். எதிரிகள் பதுங்கியிருந்து சுட்டதில், ரேஞ்சர்கள் எனப்படும் காவல் வீரர்கள் ஆறு பேரில் ஐவர் செத்துவிடுகிறார்கள். குற்றுயிராகக் கிடந்த ஆறாவது ஆளைக் கண்டெடுத்து, காயம் கட்டி, பிழைக்கவைப்பது டோன்டோ. எதிரியை ஏமாற்ற ஆறாவது குழியையும் வெட்டிவைப்பது அவர். நீ இனித் தனி ஆள் என்று சொல்லி லோன் ரேஞ்சர், அதாவது தனி ரேஞ்சர், என்ற பெயர் வரக் காரணமாவதும் அவர்தான். டோன்டோ அன்று அந்த வழியே வராவிட்டால் கதையே இல்லை.

இதற்குச் சாட்சியாக ஒரு வருடமே இருக்கிறது. 1952-ல் கிளேட்டன் மூர் விலக, ஜான் ஹார்ட் என்பவர் முகமூடி அணிந்து 52 பகுதிகள் நடித்தார். அப்புறம் மூர் திரும்பி வந்தார். முகமூடிக்குள் ஆள் மாறியும் தொடர் தொடர்ந்து ஓடியதற்குக் காரணம் பக்கத்தில் முகமூடி இல்லாத ஒரு முகம் மாறாமல் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். பார்க்கிற பிள்ளைகளுக்கு, இது நம் லோன் ரேஞ்சர்தான் என்று உறுதி சொன்னவர் சில்வர்ஹீல்ஸ். 1955-ல் அவருக்கு மாரடைப்பு வந்து சில பகுதிகளில் நடிக்க முடியாமல் போனது. அந்தப் பகுதிகளில் கதாநாயகனின் அண்ணன் மகன் பாத்திரத்தைக் கொண்டு இடத்தை நிரப்பினார்கள். கதை நகர்கிறது. ஆனால் படத்தின் ஓரத்தில் அந்தக் காவல் இல்லை.

டோன்டோ மீதான கோபத்தை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. பூர்வகுடி எழுத்தாளர்களும் போராளிகளும் பல காலமாகச் சொல்வது இதுதான்: எஜமானுக்குப் பின்னால் நடப்பவன், சொந்த ஊர் இல்லாதவன், குடும்பம் இல்லாதவன், ஒழுங்காகப் பேசத் தெரியாதவன் என்று ஒரு முழு மக்களையும் உலகத்தின் கண்ணில் நிறுத்தியது அந்த வேடம். ஒருவரை 'டோன்டோ' என்று அழைப்பதே வசையானது. அவர்கள் சொல்வது சரி. ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் அந்தக் குற்றம் எழுதியவர்கள் கணக்கில் போக வேண்டியது, வேறு வேடமே தரப்படாத நடிகர் கணக்கில் இல்லை.

அதே ஆற்றங்கரையில் இவருக்கு அரை நூற்றாண்டு முன்பே பிறந்த பாலின் ஜான்சன் என்ற மோஹாக் கவிஞர் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறார். அவர் பிறந்த சீஃப்ஸ்வுட் வீடு இன்றும் இருக்கிறது, ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஒருநாள் போய்ப் பார்த்தோம். மேடையில் கவிதை படிக்கும்போது முதல் பாதி தோலாடையில் வருவார், இடைவேளைக்குப் பின் ஆங்கிலேயப் பெண்கள் அணியும் மாலை நேர உடையில் வருவார். இரண்டும் நான்தான் என்று காட்டுவதற்கு அவருக்கு இரண்டாம் பாதி இருந்தது. சில்வர்ஹீல்ஸுக்குத் தொலைக்காட்சி அந்த இரண்டாம் பாதியைக் கொடுக்கவில்லை.

அவரே உண்டாக்கிக்கொண்டார். அதுதான் இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1957-ல் தொடர் முடிந்தது. மறு வருடம் அவரும் மூரும் சேர்ந்து நடித்த கடைசி லோன் ரேஞ்சர் படம் வந்தது. மாதக்கணக்கில் வேலை இல்லை. எங்கே போனாலும் டோன்டோ. வருமானத்துக்காகப் பொருள் விற்கும் வேலைக்குப் போனார். 1969-ல் ஜான் வெய்ன் நடித்த படம் ஒன்றில் தூக்குமேடையில் நிற்கும் மூவரில் ஒருவராக, பட்டியலில் பெயர்கூட இல்லாமல் வந்துபோனார். வட அமெரிக்கா முழுக்க வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் அது.

இந்த வறண்ட வருடங்களில்தான், 1960-களில், லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க் பகுதியில் பூர்வகுடி நடிகர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பட்டறையைத் தொடங்கினார். அது ஏன் அப்போது, ஏன் அங்கே என்பதற்குக் காரணம் உண்டு. 1950-களில் அமெரிக்க அரசு, பூர்வகுடி இளைஞர்களை அவர்களுடைய ஊர்களிலிருந்து பெரு நகரங்களுக்குக் குடிபெயர்க்கும் திட்டத்தை நடத்தியது. ஒரு வழிப் பயணச் சீட்டு, கொஞ்ச நாள் வாடகை, அப்புறம் உன் பாடு. ஆயிரக்கணக்கில் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார்கள். பல இனங்கள், பல மொழிகள், யாரும் யாருக்கும் தெரியாது. ஹாலிவுட்டோ அவர்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. ஆனாலும் பூர்வகுடி வேடத்துக்கு முகச்சாயத்தோடு வெள்ளை நடிகர்களே வந்தார்கள். பயிற்சி பெற்ற பூர்வகுடி நடிகர்கள் கிடைக்கவில்லை என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். சரி, நாமே பயிற்சி கொடுப்போம் என்று உட்கார்ந்தார் சில்வர்ஹீல்ஸ்.

வசனத்தை எப்படிப் படிப்பது, தேர்வுக்குப் போனால் எப்படி நிற்பது, கேமராவின் எல்லை எங்கே முடிகிறது என்று முப்பது வருடம் தனியாகக் கற்றதையெல்லாம் அங்கே கொடுத்தார். உடைந்த பேச்சு பேசியே பேர் வாங்கியவர் என்று உலகம் நினைத்த மனிதர், பிள்ளைகளுக்கு முழு வாக்கியம் பேசக் கற்றுக்கொடுத்தார். கவிதையும் எழுதினார், ஆற்றங்கரையில் கழிந்த தன் இளமையைப் பற்றி.

1970-ல் வந்த படம் ஒன்றுக்காக சீஃப் டான் ஜார்ஜ் என்ற பூர்வகுடி நடிகருக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அவரும் சில்வர்ஹீல்ஸும் ஒரே படத்தில் நடித்திருந்தார்கள். ஜெஃப் சாண்ட்லர் சாயம் பூசி அதே பரிந்துரையைப் பெற்று இருபது வருடம் ஆகியிருந்தது.

கடைசி வருடங்களில் குதிரைகள் வளர்த்தார். நம் ரேக்ளா போல, இரட்டைச் சக்கர வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் ஹார்னஸ் பந்தயத்தில் இறங்கினார். தொடரில் டோன்டோ ஏறிவரும் ஸ்கௌட் குதிரையைப் பந்தயத்தில் விடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, ஸ்கௌட்டை நானே ஓடி முந்திவிடுவேன் என்று சிரித்தாராம். அந்த வயதிலும் தன் காலைப் பற்றித்தான் அவருக்கு நினைப்பு.

அப்புறம் பக்கவாதம் வந்தது. 1979-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். அதே வருடம், தொடரின் உரிமையாளர்கள் நீதிமன்றம் போய், கிளேட்டன் மூர் பொது இடங்களில் முகமூடி அணியக் கூடாது என்று தடை வாங்கினார்கள். புதுப் படம் எடுக்கப்போகிறார்கள், பழைய ஆள் குறுக்கே நிற்கக் கூடாது. மூர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குழந்தைகளைப் பார்க்கப் போனார். முகமூடி 1984-ல்தான் அவரிடம் திரும்பியது. நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் வந்ததோ 1987-ல், தோழனுக்கு எட்டு வருடம் பின்னால்.

1980 மார்ச் 5 அன்று, உட்லேண்ட் ஹில்ஸில் திரைத்துறையினருக்கான இல்லத்தில் ஜே சில்வர்ஹீல்ஸ் காலமானார். வயது 67. அவருடைய சாம்பலை சிக்ஸ் நேஷன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 1997-ல் கனடா லாக்ரோஸ் புகழ் அரங்கில் அவரைச் சேர்த்தார்கள். அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் சினிமா கூப்பிட்ட லாஸ் ஏஞ்சலஸில் 2028 ஒலிம்பிக் நடக்கிறது, லாக்ரோஸும் அதில் திரும்ப வருகிறது. எங்கள் கொடியின் கீழ் எங்களை ஆடவிடுங்கள் என்று அவருடைய மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்களே அவர்கள்தானே. அவர்கள் ஆட வேண்டும், சொந்தக் கொடியோடு ஆட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்த வருடம் மகனின் அணி மறுபடி அந்த அரங்கத்துக்கு ஆடப் போனது. பெரியவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஹாரி ஸ்மித்தின் பகுதிகளைத் தேடிப் பார்த்தேன் என்று சொன்னேன். பேச்சைப் பற்றி, நடிப்பைப் பற்றி நான் ஏதேதோ சொல்லிக்கொண்டு போக, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓடுகிற காட்சி ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. கைபேசியில் எடுத்து, அந்த இடத்துக்கு நகர்த்தி, அவர் கையில் கொடுத்தேன். அரங்கத்தின் இரைச்சலில் ஒலி எதுவும் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளையில், பாறைகளுக்கு நடுவே, ஒரு மனிதர் பத்து விநாடி ஓடுகிறார். பெரியவர் அதை இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பித் தந்துவிட்டு, பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.